தரையைக் கூட்டிவிட்டுப் போன திருடன்

"ரொம்ப நல்ல திருடன் மேடம்," என்றான் வீபே, கொட்டகைத் தரையைப் பார்த்தபடி. "திருடினதோட நிக்காம கூட்டிப் பெருக்கிட்டும் போயிருக்கான். கிடைச்சா எங்க வீட்டு விலாசத்தக் குடுங்க."

அவனுடைய முதலாளி, துப்பறிவாளர் ரூலி ஹாடர்ஸ், தரையைப் பார்க்கவில்லை. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் கை ஊன்றிக் குனிந்திருந்தாள். தொட்டியில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. அடியில் கிடக்கும் வைக்கோல் துரும்பு கூடத் தெரிகிற சுத்தமான தண்ணீர்.

அந்தத் தொட்டிக்குள்தான் ஒரு சக்கரம் கிடந்திருக்க வேண்டும். ஐயாயிரம் வருடம் சதுப்புக்குள் தூங்கிவிட்டுப் போன வாரம் வெளியே வந்த மரச் சக்கரம். மேய்ப்பர் டோனிஸ் சேற்றில் சிக்கிய ஆட்டை இழுத்தபோது ஆட்டுக்குப் பின்னாலேயே அதுவும் எழும்பி வந்தது. அவர் அருங்காட்சியகத்துக்குப் போன் செய்தார். ஈஸ்டர் விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை வருவதாகவும், அதுவரை தண்ணீருக்குள்ளேயே வைக்கும்படியும், ஒருவருக்கும் காட்ட வேண்டாம் என்றும் அங்கிருந்து சொன்னார்கள். டோனிஸிடம் அவ்வளவு பெரிய தொட்டி இல்லை. லம்மியின் கன்றுக்குட்டிக் கொட்டகையில் ஒன்று சும்மா கிடந்தது. லம்மி இடம் கொடுத்தாள். புதன்கிழமை மகளின் பிரசவத்துக்காக க்ரோனிங்கன் நகருக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

நேற்று, சனிக்கிழமை மாலை, டோனிஸ் வந்து பார்த்தபோது சக்கரம் இல்லை.

"தொட்டியையே பாத்துக்கிட்டு இருந்தா எப்படி?" வாசலில் ஆரெண்ட் பூலன்ஸின் குரல் கேட்டது. "தொட்டியா திருடுச்சு?"

எல்டர்லோ கிராமத்து விவசாயிகள் சங்கத்தின் தலைவர் அவர். லம்மிக்குப் பக்கத்து வீட்டுக்காரர். ரூலியை அஸன் நகரிலிருந்து வரவழைத்ததும் அவர்தான். ஒரு கையில் காபி ஃபிளாஸ்க், மறு கையில் பிஸ்கட் டப்பா. ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்துவிட்டு டப்பாவை இறுக மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். வீபே அந்த மூடியை ஏக்கத்தோடு பார்த்தான்.

"லம்மி இல்லாதப்போ கன்னுக்குட்டிகள நீங்கதானே பாத்துக்கிட்டீங்க?" என்றாள் ரூலி.

"பின்ன யாரு? நான்தானே முதல் வீடு. ஊர் வழக்கப்படி முதல் வீட்டுக்காரன்தான் பாத்துக்கணும்."

"வேற என்னென்ன செஞ்சீங்க?"

"பக்கத்து வீட்டுக்காரன் செய்யறதச் செஞ்சேன்." அவர் முகம் சுளித்தது. சம்பளம் எவ்வளவு என்று கேட்டிருந்தால்கூட அப்படிச் சுளித்திருக்காது. "அதையெல்லாம் சொல்லிக்காட்டுவாங்களா?"

"சரி. சக்கரத்தக் கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"நான் எங்க பாத்தேன்? வியாழக்கிழமை காலையில முதமுதலா உள்ள வந்தேன். டோனிஸோட சக்கரம் இங்க இருக்கு, ஒரு கண்ணு வச்சுக்கன்னு லம்மி சொல்லிட்டுப் போயிருந்தா. சுவரெல்லாம் பாத்தேன். வைக்கப்போருக்குப் பின்னால பாத்தேன். இந்தத் தொட்டியில தண்ணி கன்னங்கரேல்னு இருந்துச்சு, அதுக்குள்ளயும் கையை விட்டுப் பாத்தேன். சக்கரம் கிடையாது. அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, ராத்திரியோட ராத்திரியா டோனிஸே எடுத்துட்டான்னு."

"ஆனா டோனிஸ் வெள்ளிக்கிழமை வந்து பாத்தப்போ இருந்துச்சுங்கறாரே."

"அதான் சொல்றேன். திருடன் வேற எப்படிப் பேசுவான்?" ஆரெண்ட் ஃபிளாஸ்க்கை மூடினார். "சாயங்காலம் ஈஸ்டர் தீ மூட்டறதுக்கு முன்னால கூட்டம். ஊர்ப் பொதுப் புதர்வெளிய இந்த வருஷமும் அவனோட ஆட்டுக்குக் குடுக்கறதா, கிறிஸ்துமஸ் மரம் வளர்க்கறவங்களுக்குக் குடுக்கறதான்னு முடிவு பண்ணணும். திருடனுக்கு மேய்ச்சல் குடுன்னு நான் எந்த முகத்த வச்சுக்கிட்டுக் கேக்கறது? அதுக்குள்ள எனக்கு ஒரு பதில் வேணும் ஹாடர்ஸ்."

"உங்களுக்குத்தான் பதில் ஏற்கனவே தெரிஞ்சிருக்கே," என்றான் வீபே. "நாங்க எதுக்கு?"

"தெரிஞ்சிருக்கறது வேற. ஊர் நம்பறது வேற." ஆரெண்ட் டப்பாவோடு போய்விட்டார்.

முற்றத்தில் வாடைக் காற்று அடித்தது. மழைநீர்க் கிணற்றின் மேல் ஈரச் சாக்குகள், அதன் பக்கத்தில் கைப்பம்பு, வேலியில் காயப்போட்ட துடைப்பம். வீபே பம்பை அடித்துக் கையைக் கழுவிக்கொண்டான்.

"ஒருத்தர் வியாழக்கிழமையே இல்லைங்கறார். இன்னொருத்தர் வெள்ளிக்கிழமை இருந்துச்சுங்கறார். ரெண்டுல ஒருத்தர் பொய் மேடம். பஸ் ஓட்டின காலத்துல இதப் பாத்திருக்கேன். டிக்கெட் எடுத்தேன்னு ஒருத்தன், எடுக்கலன்னு கண்டக்டர்."

"ரெண்டு பேரும் நெஜம் சொன்னா?"

"அப்ப சக்கரம்தான் பொய் சொல்லுது."

ரூலி சிரித்தாள். அவள் அதிகம் சிரிக்கிறவள் இல்லை. ஆகையால் வீபே அதைக் கணக்கில் வைத்துக்கொண்டான்.

"கூட்டின தரை, கழுவின தொட்டி, புதுசாத் தண்ணி," என்றாள் அவள். "இது என்ன மாதிரி ஆளு வீபே?"

"தடயத்த அழிக்கிற ஆளு."

"இல்லாட்டி சுத்தமான ஆளு."

"இந்த ஊர்ல அது யாருமே ஆகலாம். ஒவ்வொரு வீட்டுச் சன்னலையும் பாருங்க, சோப்பு விளம்பரம் மாதிரி இருக்கு." திடீரென்று அவன் நின்றான். "மேடம். சனிக்கிழமை இந்த ஊர்ல என்ன நடந்துச்சு?"

"என்ன?"

"ஈஸ்டர் தீக்கு விறகு சேத்தாங்க. ஊரே கூடிக் கொளுத்துமே, அந்தப் பெரிய குவியலுக்கு. ரோட்டோரம் இருந்த மரம், கிளை, உடஞ்ச நாற்காலி எல்லாத்தையும் டிராக்டர்ல அள்ளிட்டுப் போனாங்க. இப்ப யோசிங்க. கறுப்பா ஒரு பழைய மரச் சக்கரம், கொட்டகை திறந்து கிடக்கு."

ரூலியின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

தீ இன்று மாலை.

---

குவியல் இருந்த இடத்துக்கு ரோட்டில் போனால் சுற்று. அவர்கள் புதர்வெளியைக் குறுக்கே வெட்டி நடந்தார்கள். ஏப்ரல் மாதத்து ஹீதர் செடி பழுப்பாக, முரடாக, காலணியைக் கீறிக்கொண்டு கிடந்தது. இது பூப்பதைப் படம் எடுக்கவா ஆகஸ்டில் ஊர் ஊராகக் கிளம்பி வருகிறார்கள் என்று வீபேக்குத் தோன்றியது. தலைக்கு மேலே ஒரு வானம்பாடி மூச்சு விடாமல் கத்திக்கொண்டிருந்தது. ஜூனிப்பர் புதர்களுக்கு அப்பால் கல்திட்டை. பெரும்பாறைகளை நட்டு, அவற்றின் மேல் அதைவிடப் பெரும்பாறைகளை ஏற்றி வைத்திருந்தார்கள். அந்தப் பாறையொன்றின் காற்றுப் படாத பக்கத்தில் டோனிஸ் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். ஆடுகள் சுற்றிலும் மேய்ந்தன. பிறந்து சில நாளே ஆன குட்டியொன்று பாறை மேல் ஏறுவதும் வழுக்கி விழுவதுமாக இருந்தது.

"ஐயாயிரம் வருஷத்துக் கல்லறையில சாப்பாடா?" என்றான் வீபே.

"காத்து இல்ல," என்றார் டோனிஸ்.

அதற்கு மேல் விளக்கம் வராது என்று தெரிந்தது. ரூலி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வெள்ளிக்கிழமை நீங்க தள்ளுவண்டியில சாக்கு போட்டு மூடி எதையோ லம்மி வீட்டுலேர்ந்து கொண்டு போனதா ஊர்ல பேச்சு."

"ஆமா."

"என்ன அது?"

"வைக்கோல்."

"வைக்கோல எதுக்கு மூடணும்?"

"காத்து."

வீபே வானத்தைப் பார்த்தான். "மேடம், இவர்கிட்ட வாக்குமூலம் வாங்கினா தபால்தலைக்குப் பின்னாடி எழுதிடலாம்."

டோனிஸ் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி வைத்தார். அப்புறம் ஆடுகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஆரெண்டும் நானும் ஒரே பெஞ்சு. நான் திருடினேன்னு அவன் நெசமாவே நம்பறான். அதான் தாங்கல. பொய்யாச் சொன்னா சண்ட போடலாம்."

"புதர்வெளி கிடைக்காட்டி?"

"ஆட்ட விக்கணும்." குட்டி மறுபடி வழுக்கி விழுந்தது. அவர் கையை நீட்டி அதை நிமிர்த்தி விட்டார். "இதுங்களுக்கு இந்தப் புதரத் தவிர வேறெதுவும் தெரியாது. எனக்கும்தான்."

ரூலி எழுந்தாள். "எங்ககூட வாங்க. சக்கரம் விறகுக் குவியல்ல இருக்கலாம்."

அவர் நாய்க்கு ஒரு சீட்டி அடித்தார். ஆடுகள் நாயின் பொறுப்புக்குப் போயின. அந்த வேகத்தில் அவர் நடந்ததை ஊரில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

---

குவியல் ஒரு வீட்டின் உயரம் இருந்தது. உச்சியில் ஒரு தேவதாரு மரம் குத்தப்பட்டிருந்தது. அடியில் ஒரு பழைய சோபா. அதில் ரைண்டர் காலை நீட்டிப் படுத்திருந்தான். குவியலுக்குப் பொறுப்பு அவன். நேற்றிலிருந்து காவல். பக்கத்து ஊரான கிராஸ்வீன்காரர்கள் திருட்டுத்தனமாக வந்து முன்கூட்டியே கொளுத்திவிடுவார்கள் என்பது வருடா வருடம் உள்ள பயம். நாலு வருடத்துக்கு முன் இவர்கள் அங்கே போய் அதையேதான் செய்தார்கள்.

"பிரிக்கணுமா?" ரைண்டர் எழுந்து உட்கார்ந்தான். "கிராஸ்வீன்காரன் எவ்வளவு குடுத்தான் உங்களுக்கு?"

"உள்ள ஒரு சக்கரம் இருக்கலாம்."

"உள்ள எங்க மாமியாரே இருந்தாலும் பிரிக்க மாட்டேன். அவங்களோடத விட நம்மளுது உசரம். ஏணி வச்சு அளந்தாச்சு."

ரூலி குவியலைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். குனிந்து ஓரத்துக் கிளைகளை விலக்கிப் பார்த்தாள்.

"முள்ளெலிக்காகக் கீழ்க் கிளைகளப் பிரட்டிப் போட்டாச்சா ரைண்டர்?"

"மேலாக்கப் போட்டோம்."

"மேலாக்க முள்ளெலி இருக்காது. அடியிலதான் இருக்கும். முழுசாப் பிரட்டிட்டுத்தான் கொளுத்தணும்னு அனுமதியில இருக்கு. இந்தப் பக்கம் ஒரு சின்னக் குருவி வாயில பாசியோட உள்ள போறத இப்பத்தான் பாத்தேன்."

ரைண்டர் அவளை வெறுப்போடு பார்த்தான். சட்டத்தைச் சொன்னதற்காக அல்ல. அவள் சொன்னது சரி என்பதற்காக. அவன் சோபாவை நகர்த்தினான். "குருவிக்காக. சக்கரத்துக்காக இல்ல."

கொம்பு ஊதிக் கூப்பிடாமலே ஊர் பாதி அங்கு வந்துவிட்டது. குவியல் குறைகிறது என்றால் எல்டர்லோவில் யாருக்கும் பொறுக்காது. திட்டிக்கொண்டே கிளைகளை இழுத்தார்கள். குருவி வெளியே வந்து ஒரு கம்பத்தில் உட்கார்ந்து அவர்கள் எல்லாரையும் சேர்த்துத் திட்டியது. ஒரு முள்ளெலியும் வந்தது. ரைண்டரே அதைத் தொப்பியில் ஏந்திக்கொண்டு போய் வேலியோரம் விட்டான்.

வீபே மார்பு வரை கிளைக்குள் புகுந்திருந்தான். ஒரு கிளையை இழுத்தான். அப்புறம் ஒன்று. கை எதிலோ தட்டியது. வளைவாக, மரமாக.

"மேடம்."

நாலு பேர் சேர்ந்து இழுத்தார்கள். சேறு படிந்து, கறுத்து, ஒரு பக்கம் உளுத்துப்போன மரச் சக்கரம் வெளியே வந்து புல்லில் சாய்ந்தது. யாரோ கை தட்டினார்கள். வீபே கையை விரித்துக் குனிந்து வணங்கினான். பஸ்ஸை இடிக்காமல் ரிவர்ஸ் எடுத்தபோதுகூட அவனுக்கு இப்படி யாரும் கை தட்டியதில்லை.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஆரெண்ட் வந்தார். சக்கரத்தைப் பார்த்தார். டோனிஸைப் பார்த்தார்.

"கொளுத்திடலாம்னு பாத்தியா? வித்தாலும் பரவால்ல, நெருப்புல போடற அளவுக்கு என்னடா கோபம் உனக்கு?"

டோனிஸ் சக்கரத்தைச் சுற்றி நடந்து பார்த்தார். தலையை ஆட்டினார்.

"இது இல்ல."

"இது இல்லன்னா?"

"என்னோடது இது இல்ல. இது யாரோ பால்வண்டிச் சக்கரம். எங்க அப்பா காலத்தது."

வீபேயின் கை இன்னும் விரிந்தபடியே இருந்தது. மெல்ல இறக்கிக்கொண்டான்.

"எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?" என்றாள் ரூலி. "சேறு கூடக் கழுவல."

டோனிஸ் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் கட்டைகளைச் சுட்டிக் காட்டினார். "ஆரக்கால் இருக்குல்ல. அதுல ஆரக்காலே கிடையாது."

வானம்பாடி மட்டும் எங்கோ விடாமல் கத்தியது.

"ஆரக்கால் இல்லாத சக்கரமா?" என்றார் ஆரெண்ட். "அது எப்படி ஓடும்?"

"ஒரே பலகை. வட்டமா வெட்டி நடுவுல ஓட்ட. அவ்வளவுதான்."

"இத ஏன்யா முன்னாலயே சொல்லல?" வீபே ஏறக்குறைய அழுதுவிட்டான்.

"யாரும் கேக்கல. காட்டாதன்னு அருங்காட்சியகத்துலயும் சொன்னாங்க."

ரூலி அசையாமல் நின்றாள். அவள் காது மடல் சிவந்தது. கோபம் தன் மேலேயே என்றால்தான் அப்படி ஆகும். வீபேக்குத் தெரியும்.

"நேத்துலேர்ந்து இந்த ஊரே ஒரு சக்கரத்தத் தேடுது," என்றாள் அவள் மெதுவாக. "நானும் தேடறேன். யாரும் பாக்காத ஒண்ண, எப்படி இருக்கும்னு கேக்காமலே தேடியிருக்கோம். கண்ண மூடிக்கிட்டுச் சக்கரத்த நினைச்சுப் பாருன்னா உனக்கு என்ன வருது வீபே?"

"ஆரக்கால்."

"எனக்கும் அதான் வந்துச்சு. தப்பான கேள்விய எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்." அவள் திரும்பினாள். "ஆரெண்ட், கொஞ்சம் லம்மி வீடு வரைக்கும் வாங்க. டோனிஸ், நீங்களும்."

"கூட்டத்துக்கு நேரமாச்சு," என்றார் ஆரெண்ட்.

"தலைவர் இல்லாம ஆரம்பிச்சிடுவாங்களா?"

இல்லை என்பது அவருக்குப் பெருமை. வந்தார்.

---

கொட்டகையில் கன்றுக்குட்டிகள் ஆரெண்டைக் கண்டதும் கம்பியிடம் ஓடி வந்தன. ரூலி தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"வியாழக்கிழமை இதுக்குள்ள கையை விட்டுப் பாத்தேன்னு சொன்னீங்க."

"பாத்தேன். சக்கரம் இல்ல. எத்தன தடவ சொல்றது?"

"சக்கரம் இருந்துச்சான்னு இப்ப கேக்கல. உள்ள என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணுமே இல்லயா?"

"ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல. லம்மியோட கிணத்து மூடி ஊறிக்கிட்டு இருந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல."

வீபே வாயைத் திறந்தான். ரூலி அவனைப் பார்த்தாள். மூடிக்கொண்டான். டோனிஸ் கன்றுக்குட்டியின் தலையில் வைத்த கையை எடுக்க மறந்து நின்றார்.

"கிணத்து மூடின்னு எப்படித் தெரியும்?" என்றாள் ரூலி, யாரோ தூங்குகிற வீட்டில் பேசுவது போல.

"வேற என்ன? பிப்ரவரி புயல்ல அவ மூடி தூக்கி எறிஞ்சுபோச்சு. அன்னிலேர்ந்து தினம் புலம்பல். நல்ல ஓக் பலகையில வட்டமா ஒரு மூடி, நடுவுல பம்புக் குழாய்க்கு ஓட்ட. எங்கயோ பழசா வாங்கியிருக்கா. காஞ்ச மரம் விரிசல் விடாம இருக்க ஊற வச்சிருக்கா. யாரா இருந்தாலும் அதத்தான் செய்வாங்க." அவர் நிறுத்தினார். தன்னையறியாமல் பேச ஆரம்பித்துவிட்டது அவருக்கே பிடிக்கவில்லை. ஆனால் மூவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அவ மகளையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கிட்டுத் திரும்பி வர்றப்போ கிணறு திறந்து கிடக்கக் கூடாதுல்ல. நேத்துக் காலையில எடுத்து மாட்டிட்டேன். தண்ணி கறுப்பா இருந்துச்சு, கொட்டிட்டுத் தொட்டியக் கழுவினேன். சேறா இருந்துச்சு, கூட்டினேன். வாடைக் காத்துல மூடி வெடிக்கும்னு சாக்க நனச்சு மேல போட்டேன். இதெல்லாம் ஒரு விஷயமா? இதுக்கும் திருட்டுக்கும் என்ன?"

"கனமா இருந்திருக்குமே," என்றாள் ரூலி. "எப்படிக் கொண்டு போனீங்க?"

"தூக்க முடியல. ஊறிப்போய்க் கல்லு கனம். நிமித்தி வச்சு உருட்டிக்கிட்டுப் போனேன்."

"உருண்டுதா?"

"நல்லா உருண்டுது."

ரூலி காத்திருந்தாள்.

ஆரெண்ட் வாசலைப் பார்த்தார். முற்றத்தைப் பார்த்தார். கிணற்றையும் அதன் மேலிருந்த ஈரச் சாக்குகளையும் பார்த்தார். அப்புறம் டோனிஸைப் பார்த்தார். கழுத்திலிருந்து சிவப்பு மேலேறி, தாடையைத் தாண்டி, தொப்பிக்குக் கீழே போய் மறைந்தது.

"ஐயாயிரம் வருஷமா உருளல," என்றான் வீபே. அவனால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "உங்க கையிலதான் உருண்டிருக்கு. அப்பவும் தோணலயா?"

ஆரெண்ட் நேராகக் கிணற்றுக்குப் போனார். சாக்குகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்தார். அடியில் கறுப்பாக, ஈரமாக, மயிரிழை அகல விரிசல்கூட இல்லாமல் அது கிடந்தது. நடு ஓட்டைக்குள் லம்மியின் பம்புக் குழாய் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

டோனிஸ் முழங்காலிட்டு விளிம்பைத் தடவினார். "நல்லா இருக்கு."

"சாக்கு போட்டதால," என்றாள் ரூலி. "திருடன் கையில போயிருந்தா இந்நேரம் காஞ்சு வெடிச்சிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் கையில போனதால தப்பிச்சுது."

அது ஆறுதலாகத்தான் சொல்லப்பட்டது. ஆரெண்டுக்கு அதுவும் அடி மாதிரியே விழுந்தது.

"எடுங்க, தொட்டிக்குள்ள போட்டுடலாம்," என்றார் கரகரப்பாக. குழாயைக் கழற்றினார். சக்கரத்தை நிமிர்த்தப் போனார்.

"உருட்டாதீங்க," என்றார்கள் மூவரும் ஒரே குரலில்.

நாலு பேர் நாலு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆரெண்டும் டோனிஸும் எதிரெதிர்ப் பக்கம். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமலிருப்பதற்காகச் சக்கரத்தையே மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

தொட்டியை நிரப்பிவிட்டு ஆரெண்ட் ரூலியைத் தனியே அழைத்தார்.

"சக்கரம் கிடைச்சிடுச்சுன்னு மட்டும் கூட்டத்துல சொன்னாப் போதாதா?"

"போதும்," என்றாள் ரூலி. "எப்படிக் கிடைச்சுதுன்னு ஊர் தானே ஒரு கதை கட்டிக்கும். அந்தக் கதையில டோனிஸ் பயந்துபோய்த் திரும்பக் கொண்டுவந்து வச்சிருப்பார்."

ஆரெண்ட் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

ஊருக்குள்ளிருந்து கொம்பு ஊதும் சத்தம் கேட்டது.

---

ஊர் நடுவே ஓக் மரங்களுக்குக் கீழே புல்வெளியில் எல்லாரும் கூடியிருந்தார்கள். கைகளில் கிளைத் தூசி, கால்களில் சேறு. குவியலை மறுபடி அடுக்கி முடித்த கையோடு வந்திருந்தார்கள். ரைண்டரின் தலைமுடியில் சருகு ஒட்டியிருந்தது. பழைய உயரம் வரவில்லை என்று அவன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆரெண்ட் பெரிய கல்லின் மேல் ஏறினார். வழக்கமாக அவருக்கு ஏற உதவி வேண்டாம். இன்று இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது.

"சக்கரம் கிடைச்சிடுச்சு," என்றார்.

முணுமுணுப்பு எழுந்தது. பல தலைகள் டோனிஸ் பக்கம் திரும்பின. டோனிஸ் கூட்டத்தின் ஓரத்தில் நின்று தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனப் பாக்காதீங்க," என்றார் ஆரெண்ட். "என்னைப் பாருங்க. எடுத்தது நான்."

அவர் சொன்னார். சுருக்கமாக, முகத்தை அசைக்காமல், வங்கிக் கடிதம் வாசிப்பது போல. லம்மியின் மூடி. ஊறல். ஓட்டை. பம்பு. "உருட்டிக்கிட்டுப் போனேன்" என்ற இடத்தில் பின்வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். அது முன்வரிசைக்கு வந்து சேர்வதற்குள் பெரிய சிரிப்பாகிவிட்டது. ரைண்டர் பக்கத்து ஆளின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கினான். ஆரெண்ட் எல்லாம் ஓயும்வரை கல்லின் மேல் நின்றார். இறங்கவில்லை. அதற்காக அவர் மேல் வீபேக்கு முதல்முறையாக மரியாதை வந்தது.

"அடுத்தது புதர்வெளி," என்றார். "டோனிஸோட ஆடுங்க இந்த வருஷமும் மேயும். ஆட்சேபனை இருக்கறவங்க கை தூக்கலாம்."

யாரும் தூக்கவில்லை. கிறிஸ்துமஸ் மரத்துக்கு ஓட்டுப் போடுவதாக இருந்தவர்கள் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டார்கள்.

அப்புறம் ஓரத்தில் ஒரு கை மேலே போனது.

டோனிஸ்.

"நீ எதுக்குக் கை தூக்கற?" என்றார் ஆரெண்ட். "உனக்குத்தான் குடுக்கறோம்."

"ஒரு வருஷம்னா வேணாம்," என்றார் டோனிஸ். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார். வீபே கேட்டதிலேயே அவருடைய நீளமான பேச்சு அதுதான். "வருஷா வருஷம் இங்க வந்து நின்னு, இவங்க முகம், அவங்க முகம்னு பாத்துக்கிட்டு, அடுத்த குளிருக்கு ஆடு இருக்குமா இருக்காதான்னு தெரியாம என்னால முடியல. பத்து வருஷம் எழுதிக் குடு."

"பத்தா?" ஆரெண்ட் கல்லின் மேலேயே நிமிர்ந்தார். தலைவர் திரும்பி வந்துவிட்டார். "பத்தெல்லாம் யாருக்கும் குடுத்ததில்ல. ரெண்டு வேணா பாக்கலாம். மூணுக்கு மேல பேச்சே கிடையாது."

டோனிஸ் யோசித்தார். தலையை ஆட்டினார். கையைக் கீழே இறக்கினார். விட்டுவிட்டார் மனுஷன் என்று வீபே நினைத்தான்.

"சரி," என்றார் டோனிஸ், அதே தாழ்ந்த குரலில். "நீ கொட்டகையிலேர்ந்து கிணத்து வரைக்கும் எப்படிக் கொண்டு போனேன்னு சொன்னே? பின்னால நிக்கறவங்களுக்குச் சரியாக் கேக்கல. இன்னொரு தடவ சொல்லு."

ஆரெண்ட் தன் பழைய பெஞ்சுத் தோழனை வெகுநேரம் பார்த்தார்.

"பத்து," என்றார்.